டேப்பைப் பிரித்தால் பெயிண்டும் கூடவே வருகிறது: 1/72 ஸ்பிட்ஃபயருக்கு மாஸ்கிங் செய்வது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1ன் 1/72 அளவு (நிஜத்தில் 72ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒட்டி முடித்து, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்டை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி) அடித்திருக்கிறார். மேல்பக்கம் முழுக்க பழுப்பு. மறுநாள் காலை அதன்மேல், பழுப்பாகவே இருக்க வேண்டிய இடங்களை மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, பச்சை. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் சில இடங்களில் பச்சை அடியில் புகுந்து பல் பல்லாக நிற்கிறது. இறக்கை நுனியில் பழுப்பு டேப்போடு உரிந்து வந்து, வெறும் பிளாஸ்டிக் தெரிகிறது. எந்த டேப் வாங்கினால் இப்படி ஆகாது, காக்பிட் கண்ணாடியின் சட்டங்களுக்கும் அதே டேப் போதுமா என்று கேட்கிறார்.

கேட்டது டேப்பைப் பற்றி. ஆனால் நடந்திருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். பெயிண்ட் புகுவது டேப்பின் ஓரத்தில் நடக்கிற விஷயம். பெயிண்ட் உரிவது பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நடக்கிற விஷயம். ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கப் போனால் மற்றது மோசமாகும். புகக்கூடாது என்று பசை அதிகமுள்ள டேப்புக்குப் போனால் உரிவது கூடும், உரியக்கூடாது என்று பசை குறைந்ததற்குப் போனால் புகுவது கூடும். டேப் ஒட்டுவதற்கு முன்னாலேயே பாதி வேலை தீர்மானமாகிவிடுகிறது. அதனால் டேப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அடியிலிருந்து வருகிறேன்.

நான் கார் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் பெயிண்ட் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன். கிட் ஒட்டுவது அதற்கும் முந்தைய பழக்கம். பெயிண்ட், தின்னர், பிளாஸ்டிக், ஸ்ப்ரே இவற்றைப் பற்றிச் சொல்வதைக் கையால் செய்து பார்த்துச் சொல்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படை நிறங்களின் வரலாறு எனக்குப் படித்துத் தெரிந்ததுதான், அந்தப் பகுதியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிவதைப் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் பெரிய கோளாறு. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். அச்சிலிருந்து வரும்போதே அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், ஒட்டி முடிக்கும் வரை நம் விரல்களின் பிசுக்கும் சேர்ந்துவிடும். நாம் விமானத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது பெரும்பாலும் இறக்கை நுனியில்தான். உங்களுக்கு உரிந்ததும் அதே இடம், இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் நிழலில் உலர விடுங்கள். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அடிக்கப் போகும் நேரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

அடுத்தது பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் பிடிமானத்துக்காக அடிக்கும் அடிப்பூச்சு. நீங்கள் எழுதியதில் பிரைமர் என்ற பேச்சே இல்லை. தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயிண்டில் பாலிஸ்டைரினைத் துளியாவது இளக்கிப் பிடித்துக்கொள்ளும் கரைப்பான் எதுவும் கிடையாது. அது மேலே ஒரு தோல் மாதிரி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். லாக்கர் (கடுமையான கரைப்பானில் கரைத்த பெயிண்ட்) வகை பிரைமர், உதாரணமாக மிஸ்டர் சர்ஃபேசர் 1000, 1500 அல்லது டாமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலை மிக லேசாகக் கடித்துப் பிடிக்கும். அதன்மேல் அக்ரிலிக்குக்குப் பிடிமானம் கிடைக்கும். கார் பம்பரில் இதே கதை இன்னும் கடுமையாக நடக்கும். பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், அதற்கென்று உள்ள பிடிமான மருந்தை அடிக்காமல் நேராகப் பெயிண்ட் அடித்தால் பிரஷர் வாஷ் போடும்போது தாள் தாளாகக் கழன்று வரும். பாலிஸ்டைரின் அந்த அளவு முரண்டு பிடிக்காது, ஆனால் அடிப்படை ஒன்றே. பிரைமர் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, மெல்லியதாக. பிளாஸ்டிக்கின் நிறம் மறைந்து சீரான சாம்பல் வந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, காய்வது. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே வரை இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. தண்ணீர் அக்ரிலிக் அரை மணியில் தொடுகைக்குக் காய்ந்துவிடும், ஆனால் அதிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாக மாற இன்னும் நேரம் வேண்டும். 24 மணி நேரம் குறைந்தபட்சம். கடற்கரை ஊரில், காற்றில் ஈரம் நிற்கிற நாட்களில், நான் 48 மணி விடுவேன். ஹம்ப்ரால் மாதிரி எனாமல் என்றால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிற வகை, பல நாள் பிடிக்கும். லாக்கர் வெறும் கரைப்பான் ஆவியாகிக் காய்வது, சில மணி நேரத்தில் டேப் தாங்கும். எனாமலிலும் லாக்கரிலும் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பாருங்கள். வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

பாகங்களை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சும் ஸ்ப்ரூ சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். விமானத்தைக் கழுவும்போது அதையும் கழுவி, அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே நாளில் அடித்து வையுங்கள். டேப் ஒட்டலாமா என்ற சந்தேகம் வரும்போது அந்தத் துண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கட்டம் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் தொழிலில் பிடிமானம் பார்க்க இந்தக் கட்டச் சோதனைதான் வழக்கம். கட்டங்கள் இடத்தில் நின்றால் விமானத்தில் ஒட்டலாம். ஒன்றிரண்டு கட்டம் டேப்போடு வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். எல்லாமே வந்தால் எத்தனை நாள் காத்திருந்தும் பயனில்லை, அடித்தளம் பிடிக்கவில்லை என்று பொருள்.

இனி புகுவது. உங்கள் விமானத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சை புகுந்த பற்களில் பெரும்பாலானவை டேப் ஓரம் ஒரு பேனல் கோட்டை (நிஜ விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) கடக்கிற இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைய கிட்களில் பேனல் கோடுகள் பெரும்பாலும் பள்ளமாகச் செதுக்கப்பட்டவை. டேப் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போட்டது போல நிற்கும், அடியில் தலைமுடி அளவு குழாய் உண்டாகும். ஈரமாக விழுந்த பெயிண்டை அந்தக் குழாய் தானாகவே உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த டேப்பாக இருந்தாலும் பள்ளத்தைத் தானாக அடைக்காது, நாம்தான் அழுத்த வேண்டும். டேப்பை ஒட்டிய பிறகு பல் குத்தும் மரக்குச்சியின் நுனியைக் கொஞ்சம் மழுக்கி, ஓரம் நெடுக மெல்லத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். சரியாகப் பதிந்த இடத்தில் மஞ்சள் டேப்பின் நிறம் ஒரு படி கருத்து, அடியிலுள்ள பழுப்பு லேசாகத் தெரியும். பதியாத இடம் வெளிறியே இருக்கும். பேனல் கோடு வரும் இடத்தில் குச்சியைக் கோட்டின் போக்கில் ஒருமுறை இழுத்து டேப்பைப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இறக்கை உடலோடு சேரும் வளைவில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஒரே அகல டேப் அந்த வளைவில் எப்போதும் ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும்.

அதற்கு மேலும் ஒரு காப்பு இருக்கிறது, இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். டேப் ஒட்டி அழுத்திய பிறகு, பச்சைக்கு முன்னால், டேப் ஓரம் நெடுக அதே பழுப்பை மெல்லிய ஒரு கை அடியுங்கள். எங்காவது இடுக்கு இருந்தால் அதில் பழுப்பு புகுந்து அடைத்துக்கொள்ளும். பழுப்பின் மேல் பழுப்பு, கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்தபின் பச்சை அடித்தால் புகுவதற்கு வழியே இராது. பழுப்பு தீர்ந்துவிட்டால் நிறமில்லாத கிளியர் வார்னிஷும் இதே வேலையைச் செய்யும். பட்டறையில் இரட்டை நிறக் காருக்குக் கோடு பிரிக்கும்போதும் இந்த முறை உண்டு.

பிறகு அடிக்கிற விதம். பெயிண்ட் ஓரத்தில் குளமாகத் தேங்கினால் எந்தக் காப்பும் தாங்காது. 0.3 மி.மீ. நுனி உள்ள சாதாரண ஏர்பிரஷ்ஷில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். முதல் இரண்டு கை, நிறம் ஏறியதா இல்லையா என்றே தெரியாத அளவு மெல்லியதாக, விழுந்த கணத்தில் காய்கிற மாதிரி. அதற்கு மேல்தான் மறைப்புக்கு அடிக்க வேண்டும். திசையும் முக்கியம். டேப்பின் மேல் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிப் போங்கள், அல்லது நேர் செங்குத்தாக அடியுங்கள். வெளியிலிருந்து டேப் ஓரத்தை நோக்கி அடித்தால் காற்றே பெயிண்டை ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடும். ஏர்பிரஷ் இல்லாமல் ஸ்ப்ரே கேன் வைத்து அடிக்கிறவர்களுக்கும் இதேதான், ஆனால் கேனில் வரத்து அதிகம் என்பதால் கை இன்னும் வேகமாகப் போக வேண்டும்.

படலம் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரைமர், பழுப்பு, பச்சை, வார்னிஷ் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. கனம் ஆகிவிட்டால், 1/72 அளவில் அது நிஜ விமானத்தில் 7 மி.மீ.க்கு மேல் கனமான பெயிண்டுக்குச் சமம். நுணுக்கமான பேனல் கோடுகள் மூழ்கிவிடும். டேப் ஓரத்தில் பெயிண்ட் கொஞ்சம் மேலேறி நின்று காய்வதால் நகத்தால் தடவினால் ஒரு விளிம்பு தட்டும். இதைக் குறைக்க, பச்சை தொடுகைக்குக் காய்ந்தவுடனேயே டேப்பை எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க விடாதீர்கள். எடுக்கும்போது மேல்நோக்கித் தூக்காமல், டேப்பை அதன்மேலேயே மடக்கி, பரப்பை ஒட்டினாற்போல் மிக மெதுவாக இழுங்கள். அப்படி இழுத்தால் பெயிண்டைப் பிளாஸ்டிக்கிலிருந்து தூக்கும் விசை குறைவு. அப்படியும் விளிம்பு தட்டினால், நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல் எடை மட்டும் வைத்து நாலு தடவை தேயுங்கள்.

இப்போது டேப். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெளிர் நிற மாஸ்கிங் டேப் சுருக்கம் வைத்த தடித்த தாள். கார் கதவு ஓரத்துக்கு அது போதும், ஆனால் அதன் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அலை அலையாக இருக்கும். பசையும் அதிகம். 1/72 வேலைக்கு வேண்டியது சுருக்கமில்லாத மெல்லிய ஜப்பானியத் தாள் டேப், டாமியாவின் மஞ்சள் டேப் அந்த வகை. விலை உறுத்தும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள பரப்பைச் சாதாரண டேப்பும் துண்டுத் தாளும் கொண்டு மூடிவிடுங்கள். வீட்டிலிருக்கும் சுருளின் ஓரத்தில் தூசியும் முடியும் ஒட்டியிருக்கும், அந்த ஓரத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் டேப்பை ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் வெட்டிப் புதிய ஓரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டி எடுக்கும்போதே பசையின் வேகமும் கொஞ்சம் குறையும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரிக் வேலைக்கான பி.வி.சி. டேப் நன்றாக வளைந்து கொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி மேலேயே தங்கிவிடும்.

ஸ்பிட்ஃபயரின் பச்சைக் கோடு நேர்கோடு இல்லை, அலையலையாக ஓடும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, கிட்டோடு வந்த வண்ணப் படத்தை மாடலின் அளவுக்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, தாளையே மறைப்பாகப் பயன்படுத்துவது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதற்கு இறக்கை நீளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், 1/72ல் அது 156 மி.மீ. படத்தில் இறக்கை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வகுத்தால் சதவீதம் வந்துவிடும். இரண்டாவது வழி, 1 அல்லது 2 மி.மீ. அகலமுள்ள ஒடுங்கிய டேப்பை வளைத்துக் கோட்டை வரைந்துகொண்டு, பின்பக்கத்தை நிரப்புவது. இந்த ஒடுங்கிய டேப் சுருக்கம் விழாமல் வளையும்.

ஓரம் கூராக இருக்க வேண்டுமா, மெல்லக் கரைந்து போக வேண்டுமா என்பதில் கிட் செய்கிறவர்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. தொழிற்சாலையில் ரப்பர் பாய்களை விமானத்தின் மேல் போட்டுப் பச்சை அடித்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது, எல்லா விமானத்துக்கும் அப்படித்தானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் அதற்குள் போகாமல் கணக்கோடு நிறுத்திக்கொள்வேன். நிஜ விமானத்தில் ஓரம் 25 மி.மீ. அகலத்துக்கு மங்கிக் கலந்திருந்தாலும் 1/72ல் அது 0.35 மி.மீ.தான். கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது அதைக் கூரான கோடு என்றே கண் எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த அளவில் டேப்பே போதும். லேசாக மென்மை வேண்டுமானால், ஜெராக்ஸ் தாளுக்கு அடியில் புளூ டாக் (களிமண் போல உருட்டி ஒட்டி எடுக்கக்கூடிய பசை) துணுக்குகள் வைத்து ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி, ஏர்பிரஷ்ஷை நேர் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். புளூ டாக்கையே 2 மி.மீ. கயிறாக உருட்டி எல்லையாக வைக்கும் முறையும் நல்லதுதான். வேலை முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள், நாள் கணக்கில் விட்டால் எண்ணெய்க் கறை படியும்.

நிறங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடிக்கும் வரிசை அதைப் பொறுத்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940 கோடையில் மேல்பக்கம் டார்க் எர்த் என்ற பழுப்பும் டார்க் க்ரீன் என்ற பச்சையும். இந்த வடிவத்தில் ஏ, பி என்று இரண்டு வகை, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். கீழ்ப்பக்கம் ஸ்கை என்ற வெளிர் பச்சை கலந்த நிறம் 1940 ஜூனில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு பக்க இறக்கை கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. ஸ்கை நிறம் புதிதாக வந்தபோது சரக்கு எல்லாப் படைப்பிரிவுக்கும் உடனே கிடைக்கவில்லை, கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள், அதனால் அந்த மாதங்களின் ஸ்கை ஒரே சாயலில் இருந்ததில்லை. உங்கள் டப்பாவின் ஸ்கை சரியானதா என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். டார்க் எர்த்துக்கும் டார்க் க்ரீனுக்கும் ஹம்ப்ரால் 29, 30 நெடுநாளாகப் பலரும் பயன்படுத்துவது. சின்ன அளவுக்கு நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். நான் கலப்பதில்லை, இது ரசனையைச் சேர்ந்தது. வரிசை என்று பார்த்தால் வெளிர் நிறம் முதலில்: ஸ்கை, அதை மூடி பழுப்பு, அதை மூடி பச்சை. இருட்டின் மேல் வெளிர் நிறம் மறைக்க மூன்று நான்கு கை தேவைப்படும், கனம் ஏறும்.

தூத்துக்குடி என்று நீங்கள் எழுதியதால் காற்றின் ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாக்கருக்கோ மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷுக்கோ மாறினால் இது உங்களை நேராகத் தாக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது, வெள்ளை பூத்துவிடுகிறது. கார் பட்டறையில் மழைக்காலத்தில் இது தினசரித் தலைவலி. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னர் பயன்படுத்துவது ஒரு வழி. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் அது ஏற்கெனவே கலந்து வருகிறது. காலையில் ஈரப்பதம் அதிகம், நண்பகலுக்குப் பிறகு குறையும், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. பூத்துவிட்ட பிறகும் பயப்பட வேண்டாம், ஈரம் குறைந்த நாளில் அதே தின்னரை மெல்லிய பனி போல ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரசரில் ஈரப்பொறி இல்லையென்றால் உடனே வாங்குங்கள். குழாயில் சேரும் தண்ணீர் ஒரு சொட்டு ஏர்பிரஷ் வழியாகத் துப்பினால் டேப் ஓரத்தில் குளம் கட்டிவிடும், நீங்கள் எவ்வளவு மெல்லியதாக அடித்தாலும். வெயில் நேரத்தில் இதற்கு நேர் எதிர்க் கோளாறு வரும்: பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழுந்து, பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஏர்பிரஷ்ஷை நெருக்கிப் பிடித்து, தின்னரைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். லாக்கர் அடிக்கும்போது துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பட்டறையில் இதை அலட்சியப்படுத்தியவர்களின் இருமலைக் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கண்ணாடிக்கு வருகிறேன். அதே டேப் போதும், வேலை செய்யும் விதம்தான் வேறு. ஸ்பிட்ஃபயரில் முன் கண்ணாடி, நகரும் கூடு, பின்னால் அசையாத கண்ணாடி என்று மூன்று பகுதி. சட்டங்கள் லேசாக உயர்ந்து நிற்கும், அதுதான் வழிகாட்டி. ஒரு கண்ணாடிப் பலகையை மூடுகிற அளவு டேப்பை ஒட்டி, மரக்குச்சியால் சட்டத்தின் ஓரம் நெடுக அழுத்துங்கள். உயர்ந்த விளிம்பு டேப்புக்கு மேல் கோடாகத் தெரியும். புத்தம் புது பிளேடு, பேனாவின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம், அந்த விளிம்பை ஒட்டிப் பிளேடு தானே போகட்டும். பிளேடு மழுங்கியிருந்தால்தான் அழுத்தத் தோன்றும், அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும், அந்தக் கீறல் பெயிண்டுக்கு அடியிலும் தெரியும். வளைந்த கூட்டில் ஒரே துண்டு மடிப்பு விழும். அங்கே 1 மி.மீ. டேப்பை நான்கு ஓரமும் ஒட்டி, நடுவை மாஸ்கிங் திரவத்தால் (காய்ந்தபின் தோல் போல உரித்தெடுக்கக்கூடியது) நிரப்பிவிடுங்கள். கத்தியில் நம்பிக்கை இல்லையென்றால், செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் பல கிட்களுக்குக் கச்சிதமாக வெட்டிய மறைப்புகளையே விற்கிறது. உங்கள் கிட்டுக்கானதா என்று பெட்டியின் பெயரையும் தயாரிப்பாளரையும் பார்த்து வாங்குங்கள்.

சட்டத்துக்கு முதலில் காக்பிட்டின் உள்நிறமான சாம்பல் பச்சையை அடியுங்கள், அது காய்ந்தபின் வெளிநிறம். கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும்போது சட்டத்தின் உட்புறமும் பெயிண்ட் அடித்தது போலவே தெரியும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் கிட் வேலையில் வேறெங்கும் கிடையாது என்று எனக்குத் தோன்றும். கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தைப் பனி படர்ந்தது போல் வெளுக்க வைத்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் நிறம் தெரியாது. மறைப்பை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், டெக்கால் (விமானச் சின்னங்கள் அச்சடித்த ஒட்டுப்படம்) ஒட்டி, மேட் வார்னிஷ் அடித்த பிறகு. எடுப்பதற்கு முன் சட்ட ஓரத்தில் பிளேடு நுனியால் படலத்தை மெல்ல வெட்டிவிட்டு, மூலையை மரக்குச்சியால் கிளப்புங்கள். இடுக்கி வேண்டாம். பசை கொஞ்சம் தங்கியிருந்தால் அதே டேப்பில் புதுத் துண்டு ஒன்றை அழுத்தி எடுத்தால் பசை அதோடு வந்துவிடும்.

கையிலிருக்கும் விமானத்தை என்ன செய்வது? இறக்கையின் கீழ்ப்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில் டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். அங்கேயும் உரிந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. கண்ணாடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பல் பிரஷ்ஷும் வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அது பாலிஸ்டைரினைக் கெடுக்காது, தண்ணீர் அக்ரிலிக் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். பிறகு கழுவி, பிரைமரிலிருந்து தொடங்கலாம். மற்ற இடம் உறுதியாக இருந்து, உரிந்தது இறக்கை நுனி மட்டும் என்றால், உரிந்த இடத்தின் ஓரத்தை 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் நகம் தட்டாத வரை தேய்த்துச் சாய்வாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர், அதன்மேல் பழுப்பு. பச்சைப் பற்களுக்கு, இரண்டு நாள் காயவிட்டு, பச்சைப் பக்கத்தை மூடி, டேப்பின் மேலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் பழுப்பை மெல்லிய கைகளாக அடியுங்கள். ஒன்றிரண்டு பல்தான் என்றால் ஏர்பிரஷ் எடுக்க வேண்டாம், மரக்குச்சி நுனியில் பழுப்பைத் தொட்டு வைத்தாலே போதும், மேட் வார்னிஷ் வந்தபின் தெரியாது.

ஒரு விவரம் மட்டும் உங்கள் கேள்வியில் விட்டுப்போயிருக்கிறது. பெயிண்டை எதில் கரைத்தீர்கள், குழாய்த் தண்ணீரிலா அந்த நிறுவனத்தின் தின்னரிலா? வெறும் தண்ணீர் நிறைய ஊற்றிக் கரைத்திருந்தால் பெயிண்டைப் பிடித்து வைக்கும் பிசின் நீர்த்துப்போய், புகுவதும் உரிவதும் இரண்டுமே கூடியிருக்கும். டப்பாவின் பெயரையும் எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், அதற்கேற்ற விகிதத்தைச் சொல்கிறேன்.